விவேகம் வளர விடாமல் தடுக்கும் தவறுகள்

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லிச் சொல்லியே, பட்டம் வாங்கினால் புத்தியும் கூடவே வந்துவிடும் என்று நம் ஊரில் பலர் நம்புகிறார்கள். முதல் தவறு அதுதான். பாபநாசம் அணையின் உச்ச நீர்மட்டம் 143 அடி என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இன்றைக்கு இருக்கிற தண்ணீரை நம்பிப் பிசானப் பருவ நெல்லுக்கு நாற்றுப் பாவலாமா, பத்து நாள் பொறுக்கலாமா, எத்தனை ஏக்கரோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒருவர் கணக்குப் போட்டு முடிவெடுக்கிறாரே, விவேகம் அங்கேதான் வேலை செய்கிறது.

வயதானால் தானாக வரும் என்பதும் அப்படித்தான். நரைக்கு மரியாதை கொடுப்போம், அது வேறு விஷயம்.

இவற்றைவிடப் பெரிய தவறு, பட்ட ஒரே அனுபவத்தை அளவுகோலாக வைத்துக்கொள்வது. “1992 வெள்ளத்திலேயே இந்தப் படியைத் தாண்டலை, இப்பவா தாண்டப் போகுது?” என்கிற பேச்சு கேட்க நன்றாகத்தான் இருக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி மட்டுமா பெருகியது? குளங்களும் உடைந்தன. ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றால் முதுகுப் பக்கமாக வருகிற தண்ணீர் தெரியாது. பழைய வெள்ளத்தை நினைவில் வைத்திருப்பது நல்லதுதான். அன்றைக்கு வெள்ளம் எதனால் வந்தது, அதற்குப் பிறகு குளத்தங்கரையிலும் வாய்க்காலிலும் என்ன மாறியது என்று கேட்காமல் விடுவதில்தான் ஆபத்து.

திருநெல்வேலியில் தாமிரபரணிக்குள் இருக்கிற குறுக்குத்துறை முருகன் கோவிலைப் பாருங்கள். ஆற்றுக்குள்ளேயே கட்டியவர்கள் வெள்ளம் வராது என்று நினைக்கவில்லை. வரத்தான் செய்யும் என்று வைத்துக்கொண்டு, தண்ணீர் ஒதுங்கிப் போகிற மாதிரி கல்லில் கட்டினார்கள். தண்ணீர் ஏறினால் உற்சவர் மேலக்கோவிலுக்குப் போய்விடுவார். வடிந்ததும் கழுவிவிட்டு மறுபடி பூஜை. எவ்வளவு தண்ணீர் வரும் என்று அவர்களுக்கும் தெரியாது. தெரியாததற்கும் சேர்த்துத்தான் ஏற்பாடு செய்தார்கள்.

அப்புறம், யாரிடம் யோசனை கேட்கிறோம் என்பது. “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அண்ணாச்சி” என்பவரிடமே போய்க் கேட்டால் நம் குரல்தான் திரும்பி வரும். குறளில் கல்வி, கல்லாமை, கேள்வி என்று போய்த்தான் அறிவுடைமை வருகிறது. அதோடும் முடியவில்லை, அடுத்த அதிகாரம் குற்றங்கடிதல், அதற்கடுத்தது பெரியாரைத் துணைக்கோடல். அறிவு வந்த பிறகும் குற்றம் களைகிற வேலையும், இடித்துச் சொல்ல ஆள் தேடுகிற வேலையும் பாக்கி இருக்கின்றன.

கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு? அதனால் ஒரு நோட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிலம் வாங்குவதோ கடைக்குப் பங்காளி சேர்ப்பதோ, முடிவெடுக்கிற அன்றைக்கே காரணத்தை எழுதிவிடுங்கள். பின்னால் எழுதினால், “எனக்கு அப்பவே தெரியும்லா” என்று மனசு கதையை மாற்றிவிடும். ஒரு வருடம் கழித்து எடுத்துப் பார்க்கும்போது நட்டப்பட்டவற்றை மட்டும் பார்க்காதீர்கள். காரணம் தப்பாக இருந்தும் லாபம் வந்த முடிவுகள் சில இருக்கும். அவற்றைச் சிவப்பு மையில் வட்டமிட்டுவிடுங்கள்.