கத்தாழையை எடுத்து வைக்கிறப்போ நாம பண்ற தப்புங்க

மாடியில நாலு தொட்டியில சோத்துக்கத்தாழை தடிதடியா வளந்து குட்டி வேற போட்டுத் தள்ளுது, சரின்னு ஒரு ஞாயித்துக்கிழமை பத்து மடல வெட்டி சோத்த எடுத்து மிக்ஸில அடிச்சு பழைய ஜாம் பாட்டில்ல ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வச்சேன். ரெண்டு மாசத்துக்குக் கவலையில்லன்னு நினைச்சேன். பத்தாம் நாள் மூடியத் திறந்தா புளிச்ச வாடை, மேல ரோஸ் கலர்ல ஒரு படலம், மொத்தமும் சிங்க்ல போச்சு.

விஷயம் ஒண்ணுதான், கத்தாழைச் சோத்துல கிட்டத்தட்ட 99 சதவீதம் தண்ணி. கடையில வாங்குற ஜெல் வருஷக்கணக்கா தாங்குதுன்னா அதுல ப்ரிசர்வேட்டிவ் இருக்கு, நம்ம வீட்டு ஜெல்லுல ஒண்ணுமே கிடையாது. ஃப்ரிட்ஜ்ல ஒரு வாரம் தாங்கினா பெருசு, அதுக்கு மேல ஆசைப்படக்கூடாது.

அதனால முதல் தப்பே தேவைக்கு மேல வெட்டுறதுதான். மடல் செடியில இருக்கிற வரைக்கும் கெடாது, அத விட நல்ல ஃப்ரிட்ஜ் எது? அடியில இருக்கிற முத்தின மடலா ஒண்ணு ரெண்டு எடுத்தா போதும். நடுக்குருத்துல கை வைக்கவே வைக்காதீங்க.

அடுத்தது மடல வெட்டினா வடியிற அந்த மஞ்சப்பால். வெட்டின உடனே தோல சீவிடுறாங்க, பால் முழுக்க சோத்துல இறங்கிடுது. மடல வெட்டுவாய் கீழ இருக்கிற மாதிரி ஒரு டம்ளர்ல கால் மணி நேரமாவது நிறுத்தி வச்சு பால வடிய விடணும், அப்புறம் சீவி, நம்ம பாட்டிங்க சொல்ற மாதிரி ஏழு தண்ணி விட்டு அலசணும். நாட்டு மருந்து கடையில கருப்பா கட்டியா மூசாம்பரம்னு விக்கிறாங்களே, அது இந்தப் பால் காஞ்சதுதான். இந்தப் பால் பட்டா சிலருக்கு தோல்ல அரிப்பு வரும், உள்ள போனா வயித்தப் புரட்டிப் பேதியாகும். அமெரிக்காவுல 2002ல இந்தப் பால்ல செஞ்ச பேதி மருந்தெல்லாம் டாக்டர் சீட்டு இல்லாம கடையில விக்கக்கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. கர்ப்பமா இருக்கிறவங்க கத்தாழைய உள்ளுக்கே எடுக்க வேண்டாம்.

இப்போ விட்டமின் ஈ கேப்சூல் கதைக்கு வருவோம். எல்லா வீடியோலயும் ரெண்டு கேப்சூல உடைச்சு ஊத்தி ஆறு மாசம் கெடாதுன்னு சொல்றாங்க. விட்டமின் ஈ எண்ணெய்ல கரையிற பொருள், தண்ணியா இருக்கிற ஜெல்லுல அது மேலயே மிதக்கும், கிருமிய ஒண்ணும் பண்ணாது, எண்ணெய் காறிப்போகாம பாத்துக்கிறதுதான் அதோட வேலை. விட்டமின் சி பரவாயில்ல, ஜெல் நிறம் மாறுறத கொஞ்சம் தள்ளிப்போடும். ஆனா மெடிக்கல்ல சும்மா கேட்டா சப்பி சாப்பிடுற ஆரஞ்சு மாத்திரையத்தான் நீட்டுவாங்க, அதுல சக்கரையும் கலரும் இருக்கு, அதப் பொடிச்சுப் போட்டா நாமளே கிருமிக்கு விருந்து வச்ச மாதிரி.

ரொம்ப நாள் வேணும்னா ஃப்ரீசர்தான் வழி. அதுலயும் ஒரே டப்பாவுல மொத்தமா உறைய வச்சுட்டு, தேவைப்படுறப்போ வெளிய எடுத்து உருக்கி மறுபடி உள்ள தள்ளுறது பெரிய தப்பு. ஐஸ் ட்ரேல சின்னச் சின்ன கட்டியா உறைய வச்சு, கட்டியானதும் ஜிப்லாக் கவர்ல மாத்தி மேல தேதி எழுதிடுங்க, சில மாசம் தாங்கும். உருகினா தண்ணியாத்தான் இருக்கும், கெட்டுப்போச்சுன்னு பயப்படாதீங்க. கரண்ட் ரொம்ப நேரம் போய் எல்லாம் உருகிட்டா மட்டும் மனசத் தேத்திக்கிட்டு கொட்டிடுங்க. கட்டிய அப்படியே முகத்துல தேய்க்காதீங்க, தோல் எரியும், துணியில சுத்தி வைங்க. வீட்ல எடுத்து வச்ச ஜெல்ல திறந்த புண்ணு மேல தடவவே கூடாது.

ஈரக் கை, ஈர ஸ்பூன், சரியா காயாத பாட்டில், இதெல்லாம் சொல்லவே வேண்டாம், ஊறுகாய்க்கு நாம பாக்கிற அதே பக்குவம்தான்.

தலைக்கு எண்ணெய் காய்ச்சி வைக்கிறவங்களும் இங்கதான் சறுக்குறாங்க. தேங்காண்ணெய்ல கத்தாழையப் போட்டு ரெண்டு கொதி வந்ததும் இறக்கிடுறாங்க, உள்ள இருக்கிற தண்ணி போகவே இல்ல, ரெண்டு வாரத்துல சிக்கு வாடை வந்துடுது. சின்னத் தீயில சடசடன்னு வர்ற சத்தம் சுத்தமா அடங்கி, சோத்துத் துண்டு முறுகி வர்ற வரைக்கும் காய்ச்சணும். வடிகட்டினதும் சூட்டோட மூடி போட்டுடாதீங்க, மூடியில வேர்த்து அந்தத் தண்ணி திரும்ப எண்ணெய்லயே சொட்டும்.