பிளனல் தலையணை உறை: சுருக்கம் விழாமல் தைப்பது

"இந்த வெக்கைக்குப் பிளனலா?" என்று அம்மா கேட்டார். மெத்தென்று பஞ்சு எழும்பிய, குளிருக்கு இதமான துணி அது. திருகோணமலையில் ஆடி மாதம் கேட்டால் நியாயமான கேள்விதான். கார்த்திகை மழை பிடித்ததும் அந்தத் தலையணையை யாருக்கும் கொடுக்காமல் மடியில் வைத்திருந்ததும் அம்மாதான்.

ஒன்றரை மீற்றர் பிளனல் வாங்குங்கள். கடையில் கேட்டால் குழந்தைத் துணி என்று நினைத்துக் கரடிக்குட்டி போட்டதைத்தான் விரிப்பார்கள். கட்டம் போட்டது இருக்கிறதா என்று கேளுங்கள். வெட்டுவதற்கு முன் துவைத்துக் காயவைக்க வேண்டும். ஒரு யாருக்கு ஒன்று, ஒன்றரை அங்குலம் சுருங்கிவிடும்.

16 அங்குலத் தலையணையின் முன்பக்கத்துக்கு 18க்கு 18 அங்குலத்தில் இரண்டு துண்டு, பின்பக்கத்துக்கு 17க்கு 12 அங்குலத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். 18 அங்குலத் துண்டுகள் இரண்டுக்கும் நடுவே மெல்லிய பொலியெஸ்டர் பஞ்சு விரிப்பு. தடித்தது வேண்டாம், மெசின் திணறும்.

இனி நான் மூன்று தடவை பிரித்துத் தைத்த இடம். மூலைக்கு மூலை கோடு போட்டு, ஒரு கரையிலிருந்து தைத்துக்கொண்டு போனேன். மறுகரைக்கு வரும்போது மேல்துணி அலை அலையாகச் சேர்ந்து நின்றது. ஊசிக்குக் கீழே இருக்கும் மெசினின் பல் அடித்துணியை இழுக்கிறது; அழுத்தும் பாதமோ மேல்துணியைப் போகவிடாமல் பிடிக்கிறது. பிளனலின் பஞ்சுத்தன்மை பாதத்தின் கீழ் மேல்துணியை வழுக்க விடாது. இதற்கென்றே மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் 'வோக்கிங் ஃபுட்' என்று ஒரு பாதம் இருக்கிறது, கிடைத்தால் வாங்குங்கள். என்னிடம் இருப்பது அம்மம்மாவின் கால் மெசின். அதன் தலையில் பாதத்துக்கு நேர்மேலே இருக்கும் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தினேன். பாதி அலை அதோடு போயிற்று.

மீதிக்கு வழி: நான்கு விரல் இடைவெளியில் சட்டைப்பின் (ஊக்கு) குத்துங்கள். முதல் கோட்டை நடுவில் தையுங்கள், அப்புறம் இரண்டு அங்குலம் விட்டு இருபுறமும் விரியுங்கள். 14ஆம் நம்பர் ஊசி, கொஞ்சம் நீளத் தையல். குண்டூசி எனக்குப் பிடிக்காது, கழன்று விழும். எங்கள் உப்புக்காற்றுக்குத் துருப்பிடித்துத் துணியில் கறையும் விடும். கோடு போடவும் சோக்கை விடத் தேய்ந்த சவர்க்காரத் துண்டுதான் நல்லது. கடும் நிறத்தில் பளிச்சென்று தெரியும், துவைத்தால் போய்விடும்.

தைத்து முடித்ததைச் சரியாக 17 அங்குலச் சதுரமாக வெட்டுங்கள். பின்துண்டுகளில் 17 அங்குலக் கரை ஒன்றை அரை அங்குலமாக இரண்டு தடவை மடித்துத் தையுங்கள். அவற்றை முன்பக்கத்தின் மேல், நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க, மடித்த கரைகள் நடுவில் ஐந்து அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று வர வைத்து, சுற்றிவர அரை அங்குலத்தில் ஓட்டுங்கள். கால் அங்குலம் போதாது, பிளனல் நூல் பிரியும். மூலையைக் கத்தரித்துத் திருப்பினால் சரி. சிப்பு, பொத்தான் எதுவும் தேவையில்லை.

பிறகு சேர்த்தது: இதைப் பார்த்துத் தைத்த மச்சாள், இரண்டாவது உறையில் தையல் விட்டுவிட்டு விழுகிறது என்று மெசினையே தூக்கிக்கொண்டு வந்தாள். கீழ்நூல் இருக்கும் பொபின் பெட்டியைக் கழற்றினால் உள்ளே பூனைமயிர் போல ஒரு பிடி பிளனல் பஞ்சு! ஒவ்வொரு உறைக்குப் பிறகும் பழைய பல் பிரஷால் கூட்டி எடுத்து, ஒரு சொட்டு மெசின் எண்ணெய் விடுங்கள்.