ஜீன் இருக்கு சரி, என்சைம் வேலை செய்யுதா?

மெட்டாஜீனோம், அதாவது ஒரு எடத்துல இருக்கற எல்லா நுண்ணுயிரோட மொத்த டிஎன்ஏவையும் சீக்வன்ஸ் பண்ணி முடிச்ச கையோட நிறைய பேர் எந்த ஜீன் எந்த வேதிவினைக்குன்னு காட்டற கெக் (KEGG) பாத்வே படத்துல கலர் அடிச்சு "இந்த கம்யூனிட்டி செல்லுலோஸை உடைக்குது, மீத்தேன் உண்டாக்குது"ன்னு எழுதிடறாங்க. உடைக்குதுன்னு எப்படிங்க தெரியும்? கையில இருக்கறது டிஎன்ஏ மட்டும்தானே. லைசென்ஸ் வச்சிருக்கவன் எல்லாம் இப்ப வண்டி ஓட்டிட்டு இருக்கான்னு சொல்ற மாதிரிதான் இது. அந்த டிஎன்ஏல பாதி தூங்கற செல்லோடதா இருக்கலாம், மண்ணுல எடுத்தா எப்பவோ செத்த செல்லுல இருந்து வெளிய வந்து களிமண்ணுல ஒட்டிக் கிடக்கறதும் சேர்ந்தே வரும். யார் யார் இருக்கான்னு அடையாளம் காட்டற 16எஸ் ஜீனை மட்டும் சீக்வன்ஸ் பண்ணிட்டு பைக்ரஸ்ட்ங்கற (PICRUSt) சாஃப்ட்வேர்ல போட்டு ஃபங்ஷன் சொல்றது இன்னும் மோசம், அது சொந்தக்கார ஜீனோமைப் பாத்து ஊகிக்கறது, அவ்ளோதான். சொந்தக்காரனை வச்சு ஊகிச்சா எப்படி ஏமாறலாம்னா, நைட்ரோஸ்பைராங்கற பாக்டீரியாவை 2015 வரைக்கும் நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தற ஆளுன்னு மட்டும்தான் கணக்குல வச்சிருந்தாங்க, அந்த வருஷம்தான் அதுல சிலது அமோனியால ஆரம்பிச்சு நைட்ரேட் வரைக்கும் தனியாவே முடிச்சிடும்னு தெரிஞ்சுது.

என்னைக் கேட்டா பெரிய சிக்கலே அனோட்டேஷன்லதான், அதாவது இந்த ஜீனுக்கு இந்த வேலைன்னு பேர் ஒட்டறதுல. மீத்தேன் உண்டாக்கற என்சைமோட எம்சிஆர்ஏ (mcrA) ஜீன் கிடைச்சா மீத்தேன் உண்டாகுதுன்னு முடிவு பண்ணிடாதீங்க, மீத்தேனைத் தின்னு தீர்க்கற ஆர்க்கியாவும் (பாக்டீரியா மாதிரி இன்னொரு வகை நுண்ணுயிர்) அதே என்சைமை எதிர் திசையில ஓட்டுது. டிஎஸ்ஆர் (dsr) ஜீனும் அப்படித்தான், சல்பேட்டை ரெடியூஸ் பண்றதுலயும் இருக்கு, சல்பரை ஆக்சிடைஸ் பண்றதுலயும் இருக்கு. ஜிஎச்5னு சர்க்கரைச் சங்கிலியை வெட்டற ஒரு என்சைம் குடும்பம் வந்தா உடனே செல்லுலேஸ்னு எழுதறாங்க, அதுல மேனன்ங்கற வேற சர்க்கரைச் சங்கிலியை வெட்டற மேனனேஸும் உண்டு. சீக்வன்ஸை ஒப்பிட்டுப் பாக்கற பிளாஸ்ட் (BLAST) சாஃப்ட்வேர்ல மேல வந்த முதல் பேரை அப்படியே காப்பி பண்ணாம, பைலோஜெனி மரம் (பரிணாம உறவு மரம்) போட்டு எந்தக் கிளையில உக்காருது, ஆக்டிவ் சைட்ல (என்சைம்ல வினை நடக்கற எடம்) இருக்க வேண்டிய அமினோ அமிலங்கள் அங்க இருக்கான்னு பாருங்க.

சரி, ஜீன் வேலைக்கு இறங்கும்போது உண்டாகற ஆர்என்ஏ நகலைப் பாக்கலாம்னா, பாக்டீரியாவோட அந்த நகல் (எம்ஆர்என்ஏ) பெரும்பாலும் சில நிமிஷத்துலயே பாதி அழிஞ்சிடும், சாம்பிளை எடுத்துட்டு லேபுக்கு வந்து ஃப்ரீஸ் பண்ணிக்கலாம்னு நினைச்சா நீங்க அளக்கறது அந்த எடத்தை இல்ல, உங்க பயணத்தை. எடுத்த எடத்துலயே லிக்விட் நைட்ரஜன்ல போடுங்க. மொத்த ஆர்என்ஏல பெரும்பங்கு ரைபோசோமோடதுதான் (புரோட்டீன் செய்யற எந்திரம்), அதை நீக்காம சீக்வன்ஸ் பண்ணா காசு வீண். ஒரு ஜீனோட டிரான்ஸ்கிரிப்ட் (எம்ஆர்என்ஏ நகல்) கூடியிருக்குன்னா அந்த பாக்டீரியாவே பெருகியிருக்கலாம், அதனால அதே சாம்பிளோட டிஎன்ஏ அளவையும் பக்கத்துல வச்சுப் பாக்கணும்.

புரோட்டீனே கிடைச்சாலும் அது வேலை செய்யுதுன்னு சொல்லிட முடியாது, கோஃபேக்டர் (என்சைமுக்குக் கூட வேண்டிய துணைப் பொருள்) இல்லாம சும்மா கிடக்கலாம். அதுக்குத்தான் வேலை செய்யற என்சைமோட ஆக்டிவ் சைட்ல போய் ஒட்டிக்கற புரோப்ங்கற மூலக்கூறு, உதாரணமா செரின் ஹைட்ரோலேஸ்ங்கற என்சைம் வகைக்கு ஃப்ளூரோபாஸ்போனேட். ஆனா புரோப் போடாத ஒரு சாம்பிள், சூடாக்கி என்சைமை சாகடிச்ச ஒரு சாம்பிள், ரெண்டும் கன்ட்ரோலா இல்லாம வந்த என்சைம் லிஸ்டை நான் நம்பமாட்டேன்.

மண்ணுல, என்சைம் உடைச்சா ஒளிர்ற ஃப்ளூரசன்ட் சப்ஸ்ட்ரேட் ஊத்தி என்சைம் வேகத்தை அளக்கறவங்க ஒண்ணு மறந்துடறாங்க, சப்ஸ்ட்ரேட்டை அள்ளிக் கொட்டி சவுகரியமான பிஎச்ல வர்ற நம்பர் அதிகபட்ச திறன்தான், அங்க நெஜமா நடக்கற வேகம் இல்ல. யார் செய்யறான்னும் அது சொல்லாது. அதுக்கு கார்பன்-13 (கொஞ்சம் கனமான கார்பன்) ஏத்தின உணவு குடுத்து, அது யார் டிஎன்ஏல ஏறுதுன்னு பாக்கலாம், ஆனா ரொம்ப நாள் விட்டுட்டா முதல்ல தின்னவன் விட்ட கழிவைத் தின்னவன் டிஎன்ஏலயும் கார்பன்-13 ஏறிடும், அதனால ஆரம்பத்துல இருந்தே பல நேரத்துல சாம்பிள் எடுத்து யார் முதல்ல ஏறினான்னு பாருங்க.