கோட் ஹோஸ்டிங்: தலைக்கு எத்தனை டாலர் என்பது மட்டும் கணக்கல்ல

டீமுக்கு கோட் ஹோஸ்டிங் (எல்லோரும் எழுதும் புரோகிராம் கோடை ஒரே இடத்தில் சேமித்துப் பகிரும் சேவை) தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது மாதக் கட்டணத்தைத்தான். அதற்கு முன், இலவசத் திட்டத்தில் எது இல்லை என்று பாருங்கள்.

இப்படியொரு சேவையான கிட்ஹப் 2020 ஏப்ரல் முதல், பிரைவேட் ரெப்போவில் (வெளியார் பார்க்க முடியாத கோட் தொகுப்பு) எத்தனை பேர் வேண்டுமானாலும் இலவசமாக வேலை செய்யலாம் என்று திறந்துவிட்டது. ஆனால் அந்த இலவசத்தில், பிரைவேட் ரெப்போவின் மெயின் பிராஞ்சை, அதாவது கோடின் முதன்மைப் பிரதியை, பூட்டி வைக்க முடியாது. யார் வேண்டுமானாலும், இன்னொருவர் ரிவ்யூ இல்லாமல், தன் மாற்றத்தை நேராக அதில் புஷ் செய்துவிடலாம் (ஏற்றிவிடலாம்). மூன்று பேர் டீம் என்றால் வாய்மொழி ஒப்பந்தமே போதும். பத்துப் பேர் ஆனதும், அந்தப் பூட்டு கிடைக்கும், தலைக்கு மாதம் 4 டாலர் டீம் திட்டம் எனக்கு நியாயமாகவே படுகிறது. போட்டிச் சேவையான பிட்பக்கெட்டில் இலவசம் 5 பேர் வரைதான்.

அடுத்து, பில் எகிறும் இடம்: சிஐ நிமிடங்கள், அதாவது கோட் மாறும்போது டெஸ்ட்டுகளைத் தானாக ஓட்ட, சேவையின் இயந்திரங்கள் எடுக்கும் நேரம். கிட்ஹப் இலவசத்தில் பிரைவேட் ரெப்போக்களுக்கு மாதம் 2,000 நிமிடம். ஐஓஎஸ் ஆப் செய்கிறவர்கள் கவனம்! மேக் இயந்திரத்தில் ஓடும் நிமிடத்துக்கு லினக்ஸைவிடப் பல மடங்கு விலை. ஒவ்வொரு புஷ்ஷுக்கும் முழு டெஸ்ட்டையும் ஓட்டாமல், புல் ரிக்வெஸ்ட்டுக்கு (மாற்றத்தை மெயினில் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) மட்டும் ஓட்டினாலே நிறைய மிச்சமாகும்.

சரி, கிட்டீயா மாதிரி ஒரு கோட் ஹோஸ்டிங் மென்பொருளை சொந்த சர்வரில் போட்டுக்கொள்ளலாமே? மென்பொருள் இலவசம், சின்ன சர்வரே போதும். பேக்கப், அப்டேட் எல்லாம் யார் பார்ப்பது என்று முதலிலேயே பெயர் குறித்துவிடுங்கள். அவருடைய நேரமும் செலவுதான்.

அப்புறம், மாதாமாதம் யூசர் பட்டியலைப் பாருங்கள். கான்ட்ராக்ட் முடிந்து போனவர்களின் யூசர் கணக்குக்கும் காசு போய்க்கொண்டிருக்கும்.