ஐஜிஇ எண்ணை வைத்து அலர்ஜியை அளக்காதீர்கள்

அலர்ஜி என்றதும் "எதிர்ப்பு சக்தி குறைவு" என்று முடிவுகட்டி, சத்துமாவு, கஷாயம், பூஸ்டர் மாத்திரை என்று இறங்கிவிடுவது நம் வீடுகளில் வழக்கம். தும்மலும் அரிப்பும் நோயெதிர்ப்பு செல்கள் தூங்குவதால் வருவதில்லை. வேண்டாத இடத்தில் வேலை செய்வதால் வருகின்றன. நோயெதிர்ப்பு செல்களில் ஒரு வகையான டி செல்கள் ஐஎல்-4, ஐஎல்-13 என்ற புரதங்களை வெளிவிடும். அந்தச் செய்தியை ஸ்டாட்6 என்ற இன்னொரு புரதம், செல்லின் கருவுக்குள் கொண்டுசேர்க்கும். அதைக் கேட்டு, இன்னொரு வகையான பி செல்கள் ஐஜிஇ என்ற, அலர்ஜியைத் தூண்டும் எதிர்ப்பொருளைத் தயாரிக்கும். 2022இல் விவரிக்கப்பட்ட ஒரு மரபணுக் கோளாறில் இந்த ஸ்டாட்6 அளவுக்கு மீறி இயங்குகிறது. விளைவு, சிறு வயதிலேயே கடும் கரப்பான் (எக்ஸிமா), ஆஸ்துமா, உணவு அலர்ஜி. இவர்களுக்கு பூஸ்டர் கொடுத்து என்ன ஆகப்போகிறது? அந்தச் செய்தியை மறிக்கும் டுபிலுமேப் ஊசிதான் சிலருக்குக் கைகொடுத்திருக்கிறது.

அடுத்த தவறு, ரிப்போர்ட்டில் ஐஜிஇ 2000ஐத் தாண்டியதும் வீட்டில் முட்டை, பால், கடலை எல்லாவற்றையும் நிறுத்துவது. குடற்புழு இருந்தாலும் இந்த எண் ஏறும். ஸ்டாட்3 என்ற மரபணு சரியாக இயங்காத கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆனால் உணவு அலர்ஜியும் அனாஃபிலாக்சிஸும் (உயிருக்கே ஆபத்தான திடீர் அலர்ஜி) அந்த எண்ணுக்கு ஏற்ற அளவில் வருவதில்லை. காரணம், ரத்தக்குழாய் கசிந்து உடல் வீங்குவதற்கே ஸ்டாட்3 சமிக்ஞை வேண்டும். டாக்8 என்ற மரபணுவின் குறைபாட்டிலும் ஐஜிஇ மிக அதிகம்தான், ஆனால் அங்கே உணவு அலர்ஜி கடுமையானது. எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

என்னைக் கேட்டால், மோசமான தவறு இதுதான்: கரப்பானுக்குக் களிம்பு தடவிக்கொண்டே கூடவே வரும் மற்ற அறிகுறிகளைக் கவனிக்காமல் விடுவது. சிவப்போ சூடோ இல்லாத சீழ்க்கட்டிகள், திரும்பத் திரும்ப நிமோனியா, விழாத பால்பற்கள் என்றால் ஸ்டாட்3ஐச் சந்தேகிக்க வேண்டும். உடலெங்கும் மருக்கள், அடங்காத அக்கி என்றால் டாக்8. ஆண் குழந்தைக்குக் கரப்பானோடு ரத்தக்கசிவும் இருந்தால் விஸ்காட்-ஆல்ட்ரிச் என்ற மரபணு நோய். ரத்தத் தட்டணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதற்காகத் தூசி பட்டால் தும்முகிற எல்லாரும் மரபணுப் பரிசோதனைக்கு ஓட வேண்டாம். இவை அபூர்வம்.

கண்டுபிடித்த பிறகும் அவசரப்பட்டுச் செய்யும் ஒரு தவறு உண்டு. டாக்8க்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்தால் கரப்பானும் தோல் தொற்றும் பெரும்பாலும் அடங்கும். உணவு அலர்ஜி சிலருக்கு நீடிக்கும். சரி, குணமாகிவிட்டதே என்று கடலை மிட்டாயை நீங்களாகக் கொடுத்துப் பார்க்காதீர்கள். அந்தச் சோதனையை மருத்துவமனையில் செய்துகொள்ளுங்கள்.