கியர்பாக்ஸ் மாற்றிய பழைய காரா? முதலில் எர்த் பட்டையைச் சோதியுங்கள்

கியர்பாக்ஸ் மாற்றப்பட்ட பழைய காரில் விளக்குகள் மங்குவது, மீட்டர் முள் துள்ளுவது, ஸ்டார்ட்டர் முனகுவது ஆகியவை சேர்ந்து வந்தால், ஃபியூஸ்களைப் பிடுங்கத் தொடங்கும் முன், மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையத்திலும் மறுமுனையைக் கியர்பாக்ஸ் உறையின் வெறும் உலோகத்திலும் அழுத்திக்கொண்டு, இன்னொருவரை ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லுங்கள். அளவு 0.5 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் இணைப்பில்தான், அதாவது என்ஜின், கியர்பாக்ஸிலிருந்து மின்னோட்டத்தை வண்டியின் உடல் வழியாகப் பேட்டரிக்குத் திருப்பும் உலோகப் பட்டையின் பாதையில்தான் கோளாறு, 0.2-க்குள் நின்றால் வேறு இடத்தில் தேடலாம்.

கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும்போது எர்த் பட்டையைத் திரும்பப் பூட்ட மறப்பதும், பெயிண்ட்டின் மேலேயே போல்ட்டை முடுக்கிவிடுவதும் அடிக்கடி நடப்பவை. என்ஜின் மின்சாரம் கடத்தாத ரப்பர் மவுண்ட்டுகளின் மேல் அமர்ந்திருப்பதால், பட்டை சரியாக இல்லாதபோது ஸ்டார்ட்டர் இழுக்கும் நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டம் கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் என்று கிடைத்த வழியில் திரும்புகிறது. அந்தக் கேபிள் சூடேறியிருந்தால் சந்தேகமே வேண்டாம். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து மின்தடையைப் பார்ப்பது வீண் வேலை, ஏனெனில் பட்டையில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யத்தையே காட்டும்.

ரிவர்ஸ் விளக்கோ ஸ்பீடோமீட்டரோ மட்டும் வேலை செய்யாவிட்டால் இந்தச் சோதனை உதவாது. அங்கே புதிய கியர்பாக்ஸின் சுவிட்சும் சென்சாரும் பழைய வயரிங்குடன் பொருந்துகின்றனவா என்றே பார்க்க வேண்டும். இத்தகைய வண்டிகளில் கியர் விழுந்திருந்தால் ஸ்டார்ட்டரைச் சுழலவிடாத நியூட்ரல் பாதுகாப்பு சுவிட்சைத் துண்டித்து நேரடியாக இணைத்திருக்கக்கூடும் என்பதால், ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, கியர் நியூட்ரலில் இருப்பதைக் கையால் அசைத்துப் பார்த்த பிறகே சாவியைத் திருப்பச் சொல்லுங்கள்.