வீட்டு நெபுலைசரைக் கழுவிக் காய வைப்பது எப்படி?

மருந்தைப் பனிபோல ஆக்கி மூச்சில் இழுக்க வைக்கும் நெபுலைசரை வாங்கும்போது எந்தப் பட்டனை அழுத்த வேண்டும், மருந்தை எங்கே ஊற்ற வேண்டும் என்று கடைக்காரர் காட்டிவிடுவார். கழுவுவதைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. கூடவே வரும் கையேட்டில் அது இருக்கும்தான். ஆனால் பொடி எழுத்தைப் பார்த்ததுமே அதைப் பெட்டியோடு பரணில் போட்டுவிடுவோம்.

இங்கே சொல்வது கம்ப்ரஸர் வகைக்கு. சத்தமாக ஓடி, டியூப் வழியாகக் காற்றை அனுப்பும் மெஷின் அது. குழந்தைக்கு வீசிங், பெரியவர்களுக்கு ஆஸ்துமா என்று நம் வீடுகளில் வாங்கி வைத்திருப்பது பெரும்பாலும் இதுதான். கைக்குள் அடங்கும் மெஷ் வகையைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

எதைப் போட்டுக் கழுவுவது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். பாத்திரம் கழுவும் லிக்விட் போதும். கழுவியதை எப்படிக் காய வைக்கிறீர்கள் என்பதுதான் பெரிய விஷயம். நாம் சாதாரணமாக மூச்சு இழுக்கும்போது தூசியிலும் கிருமியிலும் நிறைய மூக்கு, தொண்டையோடு நின்றுவிடும். நெபுலைசரோ மருந்தை 1 முதல் 5 மைக்ரான் வரையிலான துளிகளாக உடைக்கிறது (மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அவ்வளவு பொடியாக இருப்பதால்தான் மருந்து நுரையீரலின் ஆழம் வரை போகிறது. கப்பில் கிருமி இருந்தால் அதுவும் அதே வழியில் உள்ளே போகும். சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் குழாய்த் தண்ணீரிலேயே இருக்கக்கூடியவை. ஈரம் இருந்தால் போதும், பெருகிவிடும். நன்றாகக் கழுவிய கப்பை ஈரத்தோடு டப்பாவில் மூடி வைத்தால், கழுவிய பலன் போய்விடும்.

எதில் தண்ணீர் படலாம், எதில் படக்கூடாது

மெஷின் வேறு, கிட் வேறு. மருந்து ஊற்றும் கப், அதன் மூடி, வாயில் வைக்கும் மவுத்பீஸ், மாஸ்க் இவையெல்லாம் கிட். இவற்றைக் கழுவலாம். மெஷினைத் தண்ணீரில் முக்கக்கூடாது, குழாயடியில் காட்டவும் கூடாது. டியூப் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதன் வெளிப்பக்கத்தைத் துடைக்கலாம், உள்ளே தண்ணீர் விடக்கூடாது. மெல்லிய நீளமான குழாய் என்பதால், ஒருமுறை தண்ணீர் போனால் காய வைப்பது பெரும்பாடு.

கப்பைத் திறந்தால் உள்ளே தொப்பி மாதிரி ஒரு சின்னத் துண்டு இருக்கும். அடியிலிருக்கும் ஊசித்துளை வழியாகக் காற்று வேகமாக வரும்போது மருந்து மேலே இழுக்கப்பட்டு, இந்தத் துண்டில் மோதித்தான் பனிபோல உடைகிறது. சில மாடல்களில் இது மூடியோடு ஒட்டியே இருக்கும். தனியாகக் கழன்று வரும் மாடல் என்றால் கவனம்: சிங்க்கில் நழுவி ஓடிப்போகும் முதல் சாமான் இதுதான். இது இல்லாமல் மாட்டினால் மெஷின் ஓடும், புகை சரியாக வராது. சிங்க் ஓட்டையில் ஒரு வடிகட்டியை வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஒவ்வொரு முறை மருந்து எடுத்த பிறகும்

படி 1: மெஷினை நிறுத்துங்கள். கப்பின் அடியில் அரை மில்லி முதல் 1 மில்லி வரை மருந்து மிச்சம் இருக்கும். அது எல்லாக் கம்ப்ரஸர் நெபுலைசரிலும் இருப்பதுதான். அடுத்த வேளைக்கு ஆகும் என்று வைக்காமல் கொட்டிவிடுங்கள். பாதி மிஞ்சிய ரெஸ்ப்யூலும் (ஒரு வேளை மருந்து அடைத்த சின்ன பிளாஸ்டிக் குப்பி) அப்படித்தான். பாதி அளவுதான் தேவை என்று டாக்டர் சொல்லியிருந்தால், மீதியை என்ன செய்வது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: கப்பிலிருந்து டியூப்பைக் கழற்றுங்கள். டியூப்பின் மறுமுனை மெஷினிலேயே இருக்கட்டும். உள்ளே நீர்த்துளிகள் தெரிந்தால் மெஷினை இரண்டு மூன்று நிமிடம் சும்மா ஓட விடுங்கள், காற்றே காய வைத்துவிடும்.

படி 3: கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கப், மூடி, உள்ளே இருக்கும் துண்டு, மவுத்பீஸ் அல்லது மாஸ்க் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரியுங்கள். ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, சில சொட்டுப் பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு, ஐந்து நிமிடம் ஊற வையுங்கள். பிறகு விரலால் தேய்த்தாலே போதும். சமையல் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை இதற்குத் தொடாதீர்கள், வீட்டில் அதைவிடக் கிருமி பிடித்த சாமான் கிடைப்பது கஷ்டம். ஊசித்துளைக்குள் ஊக்கு, குண்டூசி எதையும் விடவே கூடாது. துளை கொஞ்சம் பெரிதானாலும் துளியின் அளவு மாறிவிடும்.

படி 4: நுரை போகும்வரை ஓடும் தண்ணீரில் அலசுங்கள். கடைசியாக ஒருமுறை கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை ஊற்றி எடுங்கள். போர் தண்ணீர் வரும் வீடுகளில் இதற்கு ஆர்.ஓ. தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பயன்படுத்துவது நல்லது. உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படலம் விடும். அது அந்த ஊசித்துளையில் படிந்தால் என்ன ஆகும் என்று கீழே வருகிறது.

படி 5: தண்ணீரை நன்றாக உதறுங்கள். அப்புறம் கப்பை டியூப்பில் மாட்டி மெஷினை ஒரு நிமிடம் ஓட விட்டால், துளைக்குள் நிற்கும் தண்ணீர் வெளியே வந்துவிடும். அதைக் கழற்றி, எல்லாப் பாகங்களையும் சுத்தமான டிஷ்யூ பேப்பர் அல்லது துவைத்துக் காய்ந்த பருத்தித் துணிமேல் பரப்புங்கள். துவாலையால் துடைக்காதீர்கள், துவாலையில் இருப்பதெல்லாம் கப்புக்கு வந்துவிடும். சிங்க் ஓரம், பாத்ரூம் ஜன்னல் எல்லாம் வேண்டாம். தண்ணீர் தெறிக்காத அலமாரித் தட்டு சரியான இடம். ஈ, எறும்பு வராமல் மேலே வலைமூடி கவிழ்த்து வையுங்கள்.

முழுசாகக் காய்ந்த பிறகுதான் டப்பாவிலோ ஜிப் கவரிலோ போட வேண்டும். மழைக்காலத்தில் காலையில் கழுவியது மாலைக்குள்ளும் காயாமல் இருக்கலாம், மார்கழியிலும் அப்படித்தான். வீசிங் அதிகமாவதும் பல வீடுகளில் அந்த மாதங்களில்தான். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை மருந்து எடுக்க வேண்டியிருந்தால் ஒரே கிட்டை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது. இரண்டாவது கிட் வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். மெஷின் விலையோடு பார்த்தால் கிட் விலை ஒன்றுமே இல்லை.

கிருமி நீக்குவது

கழுவுவது அழுக்கையும் மருந்துப் படிவையும் எடுக்கும். கிருமியைக் கொல்ல அது போதாது. எத்தனை நாளைக்கு ஒருமுறை கிருமி நீக்க வேண்டும் என்பது கையேட்டுக்குக் கையேடு மாறும். கையேடு தொலைந்துவிட்டது என்றால், பயன்படுத்தும் நாட்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் குழந்தை, நீண்ட நாள் நுரையீரல் நோயாளி, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்றால் தினமும் இரவில் ஒருமுறை செய்துவிடுங்கள்.

எளிய வழி கொதிக்க வைப்பது. முதலில் மேலே சொன்னபடி கழுவிவிட வேண்டும், அழுக்கோடு கொதிக்க வைத்துப் பயனில்லை. இதற்கென்று தனியாக ஒரு பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் நேரடியாக அடியில் பட்டு உருகாமல் இருக்க, கீழே ஒரு வெள்ளைத் துணியை மடித்துப் போடுங்கள். பாகங்கள் முழுக்க மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். தளதளவென்று கொதிக்க ஆரம்பித்ததிலிருந்து 5 நிமிடம். பக்கத்திலேயே நில்லுங்கள். தண்ணீர் வற்றிப் போன பாத்திரத்தில் கிட் கருகினால் புதுசுதான் வாங்க வேண்டும். தண்ணீரை வடித்து, ஆறியதும் கை கழுவிவிட்டு எடுத்து, படி 5 போலவே காய வையுங்கள்.

எல்லாப் பாகமும் கொதிநீரைத் தாங்காது. டியூப்பைப் போடவே கூடாது. ரப்பர்போல வளையும் சிலிக்கான் மாஸ்க் பெரும்பாலும் தாங்கும். கிட்டோடு மலிவாக வரும் பி.வி.சி. மாஸ்க் நெளிந்துவிடும், முகத்தில் ஒட்டி உட்காராது. அதற்கு சோப்புத் தண்ணீர் கழுவலோடு, கையேடு அனுமதித்தால் கீழே சொல்லும் திரவ வழி. குழந்தைகளின் பால் பாட்டிலுக்கான மின்சார ஸ்டெரிலைசர் வீட்டில் இருந்தால், கொதிநீர் தாங்கும் பாகங்களை அதிலும் வைக்கலாம்.

கொதிக்க வைக்க முடியாத இடத்தில் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் 5 நிமிடம், அல்லது 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் 30 நிமிடம் மூழ்க வைக்கலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் பெராக்சைடு பாட்டிலில் 6 சதவீதம் என்று போட்டிருந்தால் அதே அளவு கொதித்து ஆறிய தண்ணீரைச் சேர்க்க வேண்டும். ஆல்கஹால் குபீரென்று பற்றும், அடுப்பு இருக்கும் அறையில் வேண்டாம். இரண்டில் எதைச் செய்தாலும் பிறகு கொதித்து ஆறிய தண்ணீரில் அலசியே ஆக வேண்டும். குழாய்த் தண்ணீரில் அலசினால் கிருமி மறுபடி வந்து உட்கார வாய்ப்பு உண்டு.

டெட்டால், பிளீச்சிங் பவுடர், கை சானிடைசர் எதுவும் வேண்டாம். அவற்றின் மிச்சம் அடுத்த முறை மருந்தோடு நுரையீரலுக்குள் போகும். ஏற்கெனவே சுருங்கிக் கிடக்கும் மூச்சுக்குழாய்க்கு அந்த நெடியே போதும். வினிகரைப் பலர் சொல்கிறார்கள். உப்புப் படிவைக் கரைக்க அது நல்லது, கிருமி நீக்க அதை நம்ப வேண்டாம்.

கழுவும் விஷயம் இல்லை என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். விக்ஸ், யூக்கலிப்டஸ் தைலம், துளசிச் சாறு எதையும் கப்பில் ஊற்றாதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். மருந்தைக் கலக்க வேண்டுமென்றால் டாக்டர் சொன்ன ஸ்டெரைல் நார்மல் சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்) மட்டும்தான், குடிதண்ணீர் கூடாது. புடசோனைடு போன்ற ஸ்டீராய்டு மருந்து எடுத்தால் கிட்டைக் கழுவுவதோடு வாயையும் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளைப் பூஞ்சை வரலாம். மாஸ்க் வைத்த குழந்தையின் முகத்தையும் கழுவிவிடுங்கள். இல்லாவிட்டால் வாயில் வெள்ளைப் பூஞ்சை வரலாம்.

மெஷினும் ஃபில்டரும்

மெஷினை பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு, பிழிந்த ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஓடும்போது மேஜைமேல் இருக்க வேண்டும். படுக்கையில் வைத்தால் காற்றுத் துவாரம் அடைபட்டுச் சூடேறும், மெத்தைப் பஞ்சையும் உள்ளே இழுக்கும்.

மெஷினின் ஒரு பக்கத்தில் சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்தால் வெள்ளையாக ஒரு ஃபில்டர் துண்டு. அறையின் காற்று அதன் வழியாகத்தான் உள்ளே வருகிறது. சாம்பல் நிறமானால் மாற்றிவிடுங்கள். ஓம்ரான் மெஷின் கையேடுகள் பலவற்றில் 60 நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கும். கழுவிப் போடலாம் என்று கையேடு சொன்னாலொழிய கழுவக்கூடாது. பஞ்சை உருட்டி அடைப்பதும் வேண்டாம். சாம்பிராணி போட்ட அறையிலும் கொசுவர்த்தி எரியும் அறையிலும் மெஷினை ஓட்டினால் ஃபில்டர் சீக்கிரம் கறுக்கும். அந்தப் புகை நோயாளிக்கு ஆகாது என்பது தனி.

புகை குறைவாக வந்தால்

ஒரு டோஸ் சாதாரணமாக 5 முதல் 10 நிமிடத்தில் முடிந்துவிடும். அதுவே 20 நிமிடம் இழுத்தால் மெக்கானிக்கைத் தேடும் முன் இந்த வரிசையில் பாருங்கள்: டியூப் இரண்டு முனையிலும் இறுக்கமாக இருக்கிறதா, உள்ளே இருக்கும் சின்னத் துண்டு மாட்டியிருக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா. எல்லாம் சரி என்றால் பெரும்பாலும் ஊசித்துளையில் உப்பு. ஒரு பங்கு வெள்ளை வினிகர், மூன்று பங்கு தண்ணீர் கலந்து கப்பை 30 நிமிடம் ஊற வைத்து, நன்றாகக் கழுவிக் காய வைத்துப் பாருங்கள். அப்போதும் சரியாகவில்லையென்றால் கிட்டை மாற்றுங்கள்.

கிட்டுக்கும் ஆயுசு உண்டு. ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பும் மெல்லிய கிட் கொஞ்ச நாளைக்குத்தான். அதைக் கொதிக்க வைத்து வருஷக்கணக்கில் ஓட்டக்கூடாது. நீண்ட நாள் பயன்பாட்டுக்கானது என்று விற்கும் கிட்களையும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மாற்றச் சொல்வார்கள். டியூப் மங்கினாலோ உள்ளே கறுப்புப் புள்ளி தெரிந்தாலோ அன்றைக்கே தூக்கிப் போடுங்கள்.

பக்கத்து வீட்டில் அவசரம் என்று கேட்டால் மெஷினைக் கொடுக்கலாம். கிட்டைக் கொடுக்காதீர்கள், அவர்கள் புதுசு வாங்கிக்கொள்ளட்டும். ஒரே வீட்டில் அண்ணன் தங்கை இருவருக்கும் வீசிங் என்றாலும் ஆளுக்கு ஒரு கிட்தான், பெயர் எழுதி வைத்துவிடுங்கள்.

மெஷ் வகை என்றால்

இதில் கம்ப்ரஸரும் டியூப்பும் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உள்ள ஒரு மெல்லிய தகடு அதிர்ந்து மருந்தைப் பனியாக்குகிறது. அந்தத் தகட்டை விரலாலோ பட்ஸாலோ தொட்டுவிடாதீர்கள். மருந்து முடிந்ததும் கொஞ்சம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி ஒன்றிரண்டு நிமிடம் ஓட விட்டால் துளைகள் சுத்தமாகும். பேட்டரி உள்ள பகுதியில் தண்ணீர் படக்கூடாது. எந்தப் பாகத்தைக் கொதிக்க வைக்கலாம் என்பது மாடலுக்கு மாடல் மாறும், இதற்கு மட்டும் கையேட்டைப் பரணிலிருந்து இறக்கியே ஆக வேண்டும்.

மெஷின் நன்றாக ஓடி, புகையும் சரியாக வந்து, மருந்தும் முழுசாக எடுத்த பிறகும் மூச்சிரைப்பு குறையவில்லை என்றால் கிட்டைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உதடு நீலமாவது, பேச முடியாமல் திணறுவது, குழந்தைக்கு விலா எலும்புக்கு இடையில் குழி விழுவது இதில் எது தெரிந்தாலும் உடனே 108-க்கு அழையுங்கள்.